ரோசலின் டீச்சரும் தண்ணீரில் போகும் நீலக் கோடும்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தை முழுக்கப் படிக்கிறவர்கள் திண்டுக்கல்லில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் அந்தப் பட்டியல் ரோசலின் டீச்சரில் ஆரம்பித்து ரோசலின் டீச்சரிலேயே முடிந்துவிடும். காய்ச்சல் மாத்திரை வாங்கினால், அதனால் என்னென்ன வியாதி வரலாம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முழுங்குவார். பல நேரம் அதற்குள் காய்ச்சல் போயிருக்கும். மிக்சி, கொசுவத்தி, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்று எதில் பொடி எழுத்து இருந்தாலும், அது தமக்கென்றே அச்சடிக்கப்பட்டது என்ற எண்ணம் அவருக்கு உண்டு. படித்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் அவர் எதிரே எந்தப் பொட்டலத்தையும் பிரிக்க மாட்டார்கள்.

பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடமாகக் கணக்கு எடுக்கிறார். கணவர் ஆண்டனிராஜுக்கு பஸ் ஸ்டாண்டு அருகே பேனா, நோட்டு விற்கும் கடை. மனைவி படித்துச் சொல்வதையெல்லாம் கேட்டுக் கேட்டு, எழுத்தின் மீதே அவருக்கு ஒரு பயம் வந்திருந்தது. விற்பதோடு சரி.

நாற்பத்தாறாவது வயதில் ரோசலினுக்குப் போர்வை தைக்கிற ஆசை வந்தது. சும்மா போர்வை இல்லை. இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு விரித்து, மேலே படம் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே மூன்றையும் சேர்த்துப் பொடித் தையல் போடுகிற குயில்ட். மே மாதம் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிற ஊரில் பஞ்சு வைத்த போர்வை எதற்கு என்று கேட்டவர்களிடம் அவர் செல்போனை நீட்டினார். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தைத்துக் காட்டினார். கோடு நேராகப் போயிற்று. கணக்கு டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த ஆசைக்கு ஒரு காரணமும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. தம்பி ஆனந்த்ராஜுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு யார் ஞானத்தாய் என்ற கேள்வி எழுந்தபோது, தம்பி மனைவி ஷைனியின் அம்மா அல்போன்சா, தன் தங்கையை மனதில் வைத்திருந்தார். தம்பி, "எங்க அக்காதான்" என்று நின்றுவிட்டான். அல்போன்சா அம்மாள் பாலசமுத்திரத்துக்காரர். தென்னந்தோப்பும் மரியாதையும் ஒருசேர உள்ள குடும்பம். தோற்றால்கூட 'ங்க' போட்டுத்தான் தோற்பார். போனில் கூப்பிட்டார்.

"டீச்சரே இருங்க, எங்களுக்கும் சந்தோசந்தானுங்க. வெள்ளைத் துணி ஞானத்தாய் எடுக்கறதுதானுங்க மொறை. பாத்து நல்லதா எடுங்க. தோதா அமையலீன்னாலும் வெசனப்படாதீங்க. நாங்க ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறமுங்க."

கடைசி வாக்கியத்தில் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது. அதனால்தான் அது ரோசலினைத் தைத்தது. அந்தக் கணத்தில் அவர் முடிவு செய்தார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால், தம் கையால் ஒரு குயில்ட். பிள்ளையை அதில்தான் போர்த்த வேண்டும், பிள்ளை அதில்தான் படுத்து உருள வேண்டும். பாலசமுத்திரத்தார் வாங்கி வைத்தது உறையை விட்டு வெளியே வரக் கூடாது.

வெள்ளையில் வெள்ளை என்றால், வரைந்த கோடு ஒரு நூல் அளவுகூட மிஞ்சக் கூடாது. தைக்கும்வரை இருக்க வேண்டும், தைத்ததும் போக வேண்டும். இந்தக் குணமுள்ள மனிதர்களே கிடைப்பதில்லை. பேனா எங்கே கிடைக்கும்?

கணவரின் கடையில் ஆரம்பித்தார்.

"பேனாதானே?" என்றார் ஆண்டனிராஜ், பெருந்தன்மையாக. "இந்தா. எழுதினா மழைல நனைஞ்சாலும் அழியாது. கேரண்டி."

"அழியணும்ங்க."

"என்னது?"

"எழுதினா அழியணும்."

"அழியிறதுக்கு எதுக்குடி பேனா? எழுதாமலே இருந்துரலாம்ல."

இருபத்திரண்டு வருடமாக அழியாமைக்கு உத்தரவாதம் கொடுத்தே வியாபாரம் பண்ணியவர். அவரைக் குறை சொல்ல முடியாது. பென்சிலைக் கொடுத்தார். பென்சில் கோடு தையலுக்குள் புகுந்து சாம்பல் நிறத்தில் குடியேறிவிட்டது. தையல்கடைச் சாக்கட்டியில் வரைந்தால், ஊசி வருவதற்குள் கை பட்டுக் கோடு போய்விட்டது. டெய்லர்கள் செய்வதுபோல் தேய்ந்த சோப்புத் துண்டால் கோடு போட்டார். வெள்ளைத் துணியில் வெள்ளைச் சோப்பு. கோடு இருந்தது, பார்க்கத்தான் முடியவில்லை.

அடுத்து, இஸ்திரி போட்டால் மறையும் பேனா ஒன்றை ஆண்டனிராஜே மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். சூடு காட்டியதும் கோடு மாயமாகப் போயிற்று. கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்த்துச் சிரித்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான். ஆனால் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்து இருந்தது. கடுங்குளிரில் கோடு திரும்ப வரலாமாம்.

மறுநாள் காலை, மீன் எடுக்க ஃப்ரீசரைத் திறந்த ஆண்டனிராஜ் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய் ரோசி, கெண்டை மீனுக்குப் பக்கத்துல என்னா துணி?"

"டெஸ்ட். கோடு வந்திருக்கா பாருங்க."

வந்திருந்தது. பூ, இலை, காம்பு எல்லாம் பனி பூத்துப் பளிச்சென்று இருந்தன.

"திண்டுக்கல்லுல எங்கடி இம்புட்டுக் குளிரு?"

"பிள்ள நாளைக்கே வெளிநாட்டுக்குப் போவான்."

"ஞானஸ்நானப் போர்வையப் போத்திக்கிட்டா போவான்? பாஸ்போர்ட்டு குடுக்க மாட்டானுக."

அந்தப் பேனா தள்ளுபடி. பிறகு ஊதா நிறத்தில் ஒன்று வந்தது. அது காற்றுப் பட்டே ஒன்றிரண்டு நாளில் தானாக மறையும் ஜாதி. ரோசலின் பள்ளிக்கூடம் விட்டு வந்து, விடைத்தாள் திருத்தி, குழம்பு கூட்டி வைத்துவிட்டு ஊசியோடு உட்கார்ந்தால் நேற்றைய பூவில் மூன்று இதழ்தான் மிச்சம் இருக்கும். மறுபடி வரைவார். மறுநாள் இரண்டு. ஒரே பூவை ஒன்பது தடவை வரைந்ததில் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் பெருத்து, கடைசியில் காலிஃபிளவர் ஆயிற்று. ஊதாவும் தள்ளுபடி.

கடைசியாகத் தபாலில் வந்தது நீலப் பேனா. தண்ணீரில் போவது. கூடவே ஒரு சீட்டு, ஆறு மொழிகளில். "வெறும் குளிர்ந்த தண்ணீரில் தாராளமாக அலசவும். சோப்பு கூடாது. கோடு முழுதும் போகும்வரை இஸ்திரி கூடாது." ரோசலின் சீட்டை மூன்று முறை படித்தார். துண்டுத் துணியில் கோடு போட்டு, பக்கத்திலிருந்த பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டார். போயிற்று. மறுநாள் பார்த்தார், திரும்பவில்லை. ஒரு வாரம் பார்த்தார். வரவே இல்லை. பிள்ளை எதையும் வாயில் வைக்கும் என்பதால், கோடு போட்ட இன்னொரு துணியைத் தாமே செத்த நேரம் சப்பிப் பார்த்தார். நாக்கு நீலமானதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. நஞ்சில்லாதது என்று அட்டையிலும் போட்டிருந்தது. ஆனாலும் அட்டை சொல்வது வேறு, கணக்கு டீச்சர் சரிபார்ப்பது வேறு.

நீலப் பேனா தேறியது. மேல் பாதியில் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும், கீழ்ப் பாதியில் இறக்கை விரித்த ஒரு புறாவும் வரைந்தார். இரண்டு மாதம் தைத்தார். இந்த இரண்டு மாதத்தில் அல்போன்சா அம்மாள் நான்கு முறை போன் செய்து, வாங்கி வைத்தது பத்திரமாக இருப்பதைத் தெரிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வெள்ளிக்கிழமை, மே மாத வெயிலில், போர்வையை அலச எடுத்தார் ரோசலின்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் வீடுகளில் தண்ணீர் என்று ஒரு பொருள் கிடையாது. நல்ல தண்ணி என்று ஒன்று உண்டு. உப்புத் தண்ணி என்று ஒன்று உண்டு. நல்ல தண்ணி பல நாளைக்கு ஒரு தடவை குழாயில் வரும். அது குடத்தில் ஏறி, மூடி போட்டுக்கொண்டு, அடுப்படியில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். உப்புத் தண்ணி ஆழ்குழாய்ப் போரிலிருந்து வரும். குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க. இரண்டும் ஒன்றென்று நினைக்கிற ஆளை இந்த ஊரில் பைத்தியம் என்பார்கள். நல்ல தண்ணியில் துணி அலசுகிறவளை அதைவிட மோசமாகச் சொல்வார்கள்.

சீட்டு எழுதியவன் ஒரே தண்ணீர் உள்ள ஊர்க்காரன். "தண்ணீர்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். உலகத்தின் எல்லாப் பொடி எழுத்தையும் சந்தேகப்பட்ட ரோசலின், அந்த ஒரு சொல்லை மட்டும் சந்தேகப்படாமல், துணி என்றதும் திண்டுக்கல்காரி எந்தக் குழாயைத் திறப்பாளோ அதைத் திறந்தார்.

டப்பில் முக்கினார். நீலம் கரைந்தது. பிழிந்து மொட்டைமாடிக் கொடியில் போட்டார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போனால், உலர உலரக் கோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. வந்ததும் சும்மா வரவில்லை. ஓரம் கலங்கி, போனபோது இருந்ததைவிடத் தடித்து வந்தது. மறுபடி முக்கினார். மறுபடி போயிற்று. மறுபடி வந்தது.

"சோப்பு போட்டுப் பாரு," என்றார் ஆண்டனிராஜ்.

"கூடாதுன்னு போட்டிருக்கு."

"அப்ப இஸ்திரி போட்டுத் தேய்ச்சுப் பாரு. சூட்டுல போயிரும்."

"அதுவும் கூடாது."

"அந்தச் சீட்டுல எதாச்சும் கூடும்னு போட்டிருக்கா?"

ரோசலின், சோதனை பண்ணிய பழைய துண்டுத் துணியை எடுத்துப் பார்த்தார். அதில் நீலம் இல்லை. அன்று சொட்டு விட்ட பாட்டில் எது என்று யோசித்தார். பள்ளிக்கூடத்துக்குக் குடிக்கக் கொண்டுபோகும் பாட்டில். நல்ல தண்ணி. முப்பது மாணவர்களுக்கு மாதிரி வினாத்தாளில் ஒரு கணக்கும் பரீட்சையில் வேறு கணக்கும் கொடுத்தால் என்ன ஆகுமோ, அது அவருக்கே ஆகியிருந்தது.

அடுப்படியில் இரண்டு குடம் இருந்தது. குழாயில் அடுத்த முறை தண்ணீர் வருவது செவ்வாய்க்கிழமை. கேன் தண்ணீர் போடும் சேக் பரீதுக்கு சனிக்கிழமை காலை போன் பண்ணினார். மூன்று சக்கர வண்டியில் வந்து இரண்டு கேனை இறக்கினார் அவர்.

"பத்து கேட்டேனே, பரீது."

"வீட்ல விசேசமாக்கா? சொல்லவே இல்ல."

"விசேசம் நாளைக்கு, கோயில்ல. இது துணி அலச."

வண்டிப் பக்கம் போன சேக் பரீது திரும்பினார். "எதுக்கு?"

"பேனாக் கோடு இருக்கு. நல்ல தண்ணிலதான் போகும்."

"அக்கா, பின்னாடி தெருவுல குடிக்கக் கேனு கேட்டு நாலு நாளா ஆளுக நிக்கிது. எம்புள்ள உங்ககிட்டத்தான் படிக்கிறான். தண்ணியச் சேமிப்போம்னு அட்டையத் தூக்கிக்கிட்டு வெயில்ல ஊர்வலம் விட்டீங்க. காய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்துட்டான். பேனாக் கோட்ட அழிக்கன்னா, மன்னிச்சுக்கங்க, இந்த ரெண்டோட சரி."

அந்த அட்டையில் இருந்த வாசகத்தை எழுதியதே ரோசலின்தான். ஆண்டனிராஜ் கடையிலிருந்து எடுத்த, அழியாத பேனாவில்.

இரண்டு கேன் தண்ணீரைக் கணக்குப் போட்டு ஊற்றினார். போர்வையின் மேல் பாதியை மட்டும் பேசினில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிழிந்து, மறுபடி விட்டு. கோதுமையும் திராட்சையும் சுத்தமாயின. காய்ந்த பிறகும் வெள்ளையாகவே இருந்தன. புறாவுக்குத் தண்ணீர் இல்லை. அடுப்படிக் குடத்தின் பக்கம் திரும்பியவரை, "அப்ப நாளைக்குச் சோறு எதுல ஆக்குவ?" என்ற ஒரே கேள்வியில் ஆண்டனிராஜ் நிறுத்திவிட்டார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஒரு வெள்ளைப் போர்வையும், அதன் கீழ்ப் பாதியில் ஒரு நீலப் புறாவும் போயின. புறா உள்பக்கமாக மடிந்து போயிற்று. அல்போன்சா அம்மாள் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே கரடிப் படம் போட்ட கடைப் போர்வை. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி மடியில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். வெள்ளைத் துணி போர்த்தும் நேரம் வந்தது. ரோசலின் மடிப்புக் குலையாமல் போர்த்தத்தான் பார்த்தார். பிள்ளை உதைத்த ஒரே உதையில் மடிப்பு விழுந்து, நீலப் புறா இறக்கையை விரித்துக்கொண்டு கோயிலுக்குள் இறங்கியது. ரோசலின் பீடத்தைப் பார்த்தார். அல்போன்சா அம்மாள் புறாவைப் பார்த்தார்.

சடங்கு முடிந்து எல்லோரும் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும், அல்போன்சா அம்மாள் நேராக ரோசலினிடம் வந்தார். வெயிலுக்குப் பிள்ளைக்குத் தொடை சிவந்துவிடும் என்று பேம்பர்ஸைக் கழற்றிவிட்டு, போர்வையைச் சுற்றி ஷைனியிடம் கொடுத்தார். பிறகு புறாவை விரலால் தொட்டார்.

"ஏனுங்க டீச்சர், இதென்னங்க?"

"அத்தை, அது வந்து..."

"மாதா நீலமுங்களா?"

ரோசலினுக்குப் புரியவில்லை.

"மத்ததெல்லாம் வெள்ளையா உட்டுப்போட்டு, புறாவ மட்டும் மாதா சேலை நீலத்துல போட்டீங்க பாருங்க. இந்த ரோசனை எங்க தங்கச்சிக்கெல்லாம் வராதுங்க."

அதற்குள் நான்கைந்து உறவுக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். புறாவைப் போட்டோ எடுத்தார்கள். ஓரம் கலங்கியிருந்ததை, நிஜப் புறாவின் இறகுபோல் இருக்கிறது என்றாள் ஒருத்தி.

"இங்க கோதுமைக் கதிர் இருக்கு பாருங்க," என்றார் ரோசலின். நாற்பத்தெட்டு கதிர். அவருக்கு எண்ணிக்கை தெரியும்.

"எங்க இருக்குக்கா?"

"இந்தா. திராட்சையும் இருக்கு."

அந்தப் பெண் கையால் தடவிப் பார்த்தாள். "ஆமாக்கா, தடவுனா தெரியுது," என்றாள், குருடர் பள்ளிக்கு நன்கொடை கொடுத்த குரலில்.

ரோசலினால் பொய்ப் பாராட்டைத் தாங்க முடியும். தவறான பாராட்டைத் தாங்க முடியாது. கணக்கு டீச்சர்கள் அப்படித்தான். வழி தப்பு, விடை சரி என்றால் மதிப்பெண் போட மாட்டார்கள்.

"அத்தை, உண்மையைச் சொல்லிர்றேன். இது டிசைன் இல்ல. தைக்கிறதுக்காக வரைஞ்ச கோடு. போயிருக்கணும், போகல. நல்ல தண்ணி பத்தல. உங்க ஊர்த் தண்ணி நல்ல தண்ணி, ஒரு தடவ அலசினா மொத்தமும் போயிரும்."

"பாத்தியா ஷைனி, என்ன அடக்கம்," என்றார் அல்போன்சா அம்மாள். பிறகு யோசித்தார். "அலசுனா போயிருமுங்களா?"

"போயிரும்."

"அப்ப அலசவே கூடாதுங்க." முடிவு உடனே வந்தது. "இதுல போயி புள்ளையப் போட்டுப் புரட்டலாமுங்களா? பாவமுங்க. பத்திரமா பீரோல வெச்சு, அவன் கண்ணாலத்தன்னைக்கு எடுக்கலாமுங்க. ஷைனி, புள்ளைக்கு இதச் சுத்து." பிளாஸ்டிக் உறை பிரிந்தது. இரண்டு மாதமாகப் பத்திரமாயிருந்த கரடி வெளியே வந்தது.

"அத்தை, இது தொவைக்கத்தான் தைச்சது. நீங்க தொவைங்க. பிள்ள படுக்கட்டும்."

"தொவைச்சா புறா போயிரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

ரோசலின் இருபது வருடமாக ஊருக்குச் சீட்டுப் படித்துச் சொன்னவர். சொன்னதை முதல்முறையாக ஒருவர் அப்படியே கேட்டு நடக்கிறார். அதன் பலன் எதிரே நின்று கரடியை உதறிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் ஷைனி.

"சுத்துடி கண்ணு, வெயிலு ஏறுது."

"அம்மா, நனச்சுட்டான்."

எல்லோரும் குனிந்தார்கள். பிள்ளை கண்ணை மூடியபடி, தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. புறாவின் இடது இறக்கையில் ஈரம் பரவியது. ஈரம் போன வழியெல்லாம் நீலம் விலகிக்கொண்டே போனது. தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் குடித்தறியாத உடம்பிலிருந்து, திண்டுக்கல்லின் போர் எதையும் கலக்காமல் வந்த தண்ணி. பத்துக் கேன் கிடைக்காமல் நின்ற வேலை, வேப்பமரத்தடியில் இலவசமாக நடந்தது.

"அய்யோ சாமி, றெக்கை போகுதுங்க," என்றார் அல்போன்சா அம்மாள்.

ரோசலின் துணியின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கோடு இருந்த இடத்தில் தையல் மட்டும் இருந்தது. இரண்டு மாதத்தில் அவர் போட்ட சின்னச் சின்ன இறகுகள், வெள்ளையில் வெள்ளையாக, ஒன்றுவிடாமல். அவர் முகத்தைப் பார்த்த ஆண்டனிராஜ், பிள்ளைக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இனிமே இத பீரோல வெக்க முடியாதுங்களே," என்றார் அல்போன்சா அம்மாள், நனைந்த ஓரத்தைப் பிடித்தபடி.

"முடியாது அத்தை. நாறிப்போகும்."

"தொவைக்கோணும்."

"தொவைக்கணும். சோப்பு வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம்."

"உங்க ஊட்டுலயே அலசித் தாறீங்களா?"

"வேண்டாம் அத்தை. பாலசமுத்திரத்துக்கே கொண்டு போங்க."

அல்போன்சா அம்மாள் கரடிப் போர்வையை ஷைனியிடம் நீட்டினார். பிள்ளையைப் போர்வையிலிருந்து பிரிக்கப் பார்த்தாள் ஷைனி. அது விரல்களைச் சுருட்டித் திராட்சைக் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அழுகை அழுதது. விட்டுவிட்டாள். செத்த நேரத்தில் அழுகை நின்றது. பிள்ளை காலை நீட்டி, புறாவின் மிச்சமிருந்த நீல வாலையும் நனைத்தது.